ஒன்றேகால் அடி

கார்னிஸ்காரர் ஏணி உச்சியில் நின்று மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தார். எடுத்துத் துடைத்து மறுபடியும் வைத்தார். "ம்ஹும்" என்றார்.

அந்த ஒரு "ம்ஹும்" போதும், கீழே நின்ற சின்னவள், அந்த வீட்டு இளைய மருமகள், சட்டென்று உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

சுவரும் கூரையும் சேருமிடத்தில் நாலு பக்கமும் கார்னிஸ் என்கிற பூவேலைச் சட்டம் ஓட்ட வந்திருந்தார் அவர். இரண்டு மூலைகள் அச்சில் வார்த்தது போலச் சேர்ந்துவிட்டன. நடுச்சுவரைத் தொடும் மூலைக்கு வந்ததும் இரண்டு சட்டங்களும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டன. இடையில் விரல் நுழைந்தது.

"சட்டத்துல தப்பில்லம்மா. இந்தச் சுவரு ஒதுங்கி ஒதுங்கிப் போகுது. கோணல்."

"ஐயோ, மெதுவாச் சொல்லுங்க! அவர் காதுல விழப்போகுது. பட்டி வெச்சுப் பூசி மூடிடுங்களேன்."

அவள் பதறியதில் நியாயம் இருந்தது. அது சாதாரணச் சுவரா என்ன! ஒரே ஹாலை அண்ணனுக்கும் தம்பிக்கும் இரண்டாக வகிர்ந்த சுவர். தம்பி வெளியூர் வேலையில் இருந்தபோது அண்ணன் ஆள் வைத்துக் கட்டியது. தம்பியை ஊரே கடுகு என்றுதான் கூப்பிடும். எண்ணெய் காயும் முன்னே வெடிக்கிற ஜாதி. வந்து இறங்கிய அன்றே, "நான் வர்றதுக்குள்ள என்ன அவசரம்? எதைச் சுருட்டப் பார்த்தே?" என்று தெரு கூடுகிற மாதிரிக் கத்திவிட்டு வந்தவர்தான். அதோடு பேச்சு நின்றது. எட்டு வருடம்! கொல்லைப்புறத்தில் துணி உலர்த்தும் சாக்கில் சின்னவளும் அண்ணன் மனைவியான ஓரகத்தியும் குசுகுசுவென்று பேசிக்கொள்வது மட்டும்தான் மிச்சம். இரண்டு பேரையும் எப்படியாவது சேர்த்து வைத்துவிட வேண்டும் என்று அந்தப் பெண்கள் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார்கள்.

காது விஷயத்தில் கடுகுக்குக் குறையே கிடையாது. பாதிக் கன்னத்தில் சவர நுரையோடு வந்து நின்றார்.

"எந்தச் சுவர் கோணல்?"

கார்னிஸ்காரர் பாவம், கையை நீட்டிவிட்டார்.

"பாத்தியாடி! எட்டு வருஷமா தொண்டை கிழியக் கத்துறேன், யாராவது நம்பினீங்களா? சுவரைத் தள்ளிக் கட்டி இடத்தைத் தின்னுட்டான்! அளங்க. அளந்து எழுதிக்கிட்டு நேரா வக்கீல்கிட்ட போறேன். அப்புறம் செத்தாலும் அவன் வாசலை மிதிக்க மாட்டேன்!"

"என்னங்க, முதல்ல மூஞ்சியைக் கழுவுங்க."

"மூஞ்சி எங்க ஓடிப்போகுது!"

அவரால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. ஏணியைச் சுற்றினார், வாசலுக்குப் போனார், திரும்பி வந்தார். நுரை காய்ந்து கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. சின்னவள் புடவைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டு நின்றாள். இத்தனை நாள் வாய்ச் சண்டை. இனிமேல் கோர்ட், கேஸ். உறவு அறுந்தது அறுந்ததுதான். பாழாய்ப்போன கார்னிஸ் எனக்கு எதற்கு என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். எதிர்வீட்டில் பார்த்து ஆசைப்பட்டவள் அவள்தானே!

ஹால் மொத்தம் இருபத்திரண்டு அடி. சுவரின் கனம் போக ஆளுக்குப் பத்தே முக்கால் வர வேண்டும். வாசல் பக்கம் டேப்பை இழுத்தார்கள். சரியாகப் பத்தே முக்கால்.

"இங்க நல்லவன் மாதிரி ஆரம்பிச்சிருப்பான். பின்பக்கம் இழுங்க!"

பின்பக்கம் இழுத்தார்கள். கார்னிஸ்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார். "பன்னெண்டு."

"எத்தனை?"

"பன்னெண்டு அடி, சார். ஒன்னேகால் அடி உங்களுக்குத்தான் கூட வருது."

கடுகு டேப்பைப் பிடுங்கித் தானே அளந்தார். பன்னிரண்டு. டேப்பைத் தட்டி, உதறி, மறுபடி இழுத்தார். அதுவும் பன்னிரண்டுதான். டேப்புக்கு அண்ணன் தம்பி தெரியுமா?

"கொத்தனாருக்குக் கைப்பிசகு" என்றார், குரல் இறங்கி.

"கைப்பிசகு இல்ல சார், கணக்காத்தான் ஒதுக்கியிருக்காங்க." கார்னிஸ்காரர் பின்சுவர் ஜன்னலைக் காட்டினார். "சுவரை நேரா விட்டிருந்தா இதுக்கு நடுவுல வந்து முட்டியிருக்கும். அடைக்கத்தான் வேணும். முழு ஜன்னலும் உங்க பக்கம் விழட்டும்னு வளைச்சுக்கிட்டுப் போயிருக்காங்க. அந்தப் பக்கம் வளைச்சிருந்தா அவங்களுக்குப் போயிருக்கும்."

ஜன்னல் வழியே காற்று வந்து சட்டங்களில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொடியைக் கிளப்பியது. வரிசை வீடு, பக்கச் சுவர்களில் ஜன்னல் வைக்க வழியில்லை. பழைய ஹாலுக்கே அது ஒன்றுதான்.

கடுகு கன்னத்தைச் சொறிந்துகொண்டார். "சரி சரி. பட்டி வெச்சு மூடிடுங்க. கோணல்னு வெளியில தெரியவே கூடாது."

அப்போதுதான் சின்னவளுக்குக் கோபம் வந்தது. எட்டு வருடத்துக் கோபமும் சேர்ந்து வந்தது.

"மூலையை மூடிடலாம்ங்க. உங்க மூஞ்சியை எங்க கொண்டு போய் வெச்சுக்குவீங்க? கூடுதலா இருந்தா மட்டும் வக்கீல் வேணாமா? போங்க. இப்பவே போங்க!"

அவர் சட்டையை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு, டேப்பைக் கையில் பிடித்தபடியே இறங்கிப் போனார். அவளும் பின்னாலேயே ஓடினாள்.

அண்ணன்தான் கதவைத் திறந்தார். தம்பியையும் டேப்பையும் பார்த்தவர் முகம் இறுகியது. "இன்னும் என்னடா அளக்கணும்?"

சுவர் எழுந்த பிறகு அந்த ஹாலுக்குள் சின்னவள் எட்டிப் பார்த்ததே இல்லை. கடுகு போட்ட சட்டம் அப்படி. இப்போது பார்த்தாள். பட்டப்பகல் பதினோரு மணிக்கு டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. அதன் அடியில் ஓரகத்தி ஊசியில் நூல் கோக்க முடியாமல் கண்ணை இடுக்கிக்கொண்டிருந்தாள். ஐயோ அக்கா, ஒரு வார்த்தை சொன்னதில்லையே என்று சின்னவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஏண்ணே சொல்லல?" என்றார் கடுகு.

"எதைடா?"

"ஜன்னலை."

அண்ணன் தம்பியின் காய்ந்த நுரைக் கன்னத்தையே பார்த்தார். பிறகு தன் தோள் துண்டை எடுத்து அதை அழுத்தித் துடைத்தார், சின்னப் பிள்ளைக்குத் துடைப்பது போல.

"எங்கடா சொல்ல விட்டே நீ?" என்றார்.