இறுதியாக ஒன்றைச் சொல்லி

அந்த ஆண்டுப் பட்டமளிப்பு விழாவில் மாணவர் உரை ஒன்பது வருடம் நடந்தது. பேசியவன் அந்தப் பல்கலைக்கழகத்திலேயே வாய் திறக்காதவன் என்று பெயர் எடுத்தவன். நான்கு வருடத்தில் அவன் குரலைக் கேட்ட ஆசிரியர்கள் இருவர்தான். மற்றவர்கள் வருகைப்பதிவின்போது தலையை நிமிர்த்தி, ஆள் இருப்பதைப் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். வகுப்பில் அவனை அமுக்குணி என்பார்கள். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்குப் பெயர் ரேடியோ, காரணம் கேட்க வேண்டியதில்லை. அமுக்குணிக்கும் சேர்த்து ரேடியோதான் பேசுவான். சாப்பாட்டுக்கூடத்தில் இன்னொரு கரண்டி கேட்பதிலிருந்து, விடுமுறைக்கு விண்ணப்பிப்பது வரை எல்லாம் அவன் வாய்தான். தேர்வில் மட்டும் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்துவிட்டார்கள்.

அதுவரை எல்லாப் பருவத்திலும் அமுக்குணி முதல் மதிப்பெண் வாங்கியிருந்ததால் மாணவர் உரை அவன் தலையில் விழுந்தது. உரையை எழுதிக் கொடுத்தது ரேடியோ. அவனுடைய அப்பா மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றித் தரும் கடை வைத்திருந்தார். அதன் பின்கட்டில் எரிந்துபோன மின்விசிறிகளை வரிசையாக நிறுத்தி, அவைதான் சபை என்று சொல்லிப் பழக்கினான். நான்கு நிமிட உரை. மின்விசிறிகளுக்கு முன்னால் அமுக்குணி ஓரளவு தேறிவிட்டான். விழாவுக்கு முதல் நாள் கடைசிப் பருவத்தின் முடிவுகள் வந்தபோது ரேடியோவுக்கு வெப்ப இயக்கவியல் தாள் போயிருந்தது. பட்டம் இல்லை, அங்கி இல்லை, அரங்கில் நாற்காலியும் இல்லை. அவன் நாலைந்து பேரைச் சிரிக்க வைத்துவிட்டுக் குழாயடியில் முகம் கழுவப் போனான். போனவன் வெகுநேரம் கழுவினான். பின்னாலேயே வந்து நின்ற அமுக்குணி சொன்னது ஒரே வாக்கியம்: “நீ பாஸ் பண்ற வரைக்கும் நான் முடிக்கல.” ரேடியோ அதை ஆறுதல் என்று நினைத்துக்கொண்டான். நிறையப் பேசுகிறவர்களுக்கு அந்தக் கோளாறு உண்டு, மற்றவர்களும் தங்களைப் போலச் சும்மாதான் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வார்கள்.

மறுநாள் அமுக்குணி எழுதியிருந்ததைத் தடங்கலின்றிப் பேசி, “இறுதியாக ஒன்றைச் சொல்லி விடைபெறுகிறேன்” என்றான். பிறகு ஒன்றைச் சொன்னான். அதன்பின் இன்னொன்றைச் சொன்னான். மேடையில் ஒருவர் ‘இறுதியாக’ என்றால் பாதிதான் வந்திருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும் என்பதால், மாலை வரை யாரும் கலவரப்படவில்லை. பதிவாளர் துண்டுச்சீட்டு அனுப்பினார். அவன் அதையும் வாசித்துவிட்டு அவருக்கு நன்றி சொன்னான். ஒலிபெருக்கியின் இணைப்பைப் பிடுங்கினார்கள். குரல் முன்பைவிடத் தெளிவாக வந்தது. மாணவர் உரை முடிந்தபிறகே பட்டம் வழங்க வேண்டும் என்று விதி இருந்தது. உரை முடியாவிட்டால் என்ன செய்வது என்று விதி எதுவும் சொல்லவில்லை. ஆகவே காத்திருக்கலானார்கள்.

அவனுக்குப் பசி எடுக்கவில்லை, தூக்கம் வரவில்லை, தாடி வளரவில்லை. மேசைமேல் இருந்த பூங்கொத்து வாடவில்லை. கீழே இருந்தவர்களுக்கு எல்லாம் வழக்கம்போல் நடந்தது. அவர்கள் முறை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் வந்தார்கள், வேலையில் சேர்ந்தார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வந்து தங்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அலுவலகங்களும் ‘உரை முடிந்ததும் சான்றிதழ் தரப்படும்’ என்ற கடிதத்தை ஏற்றுக்கொள்ளப் பழகிவிட்டன. துணைவேந்தர்கள் மூன்று பேர் ஓய்வுபெற்றார்கள். ஒவ்வொருவரும் புதியவரிடம் சாவிக்கொத்தோடு அவனையும் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள்.

முதல் வருடம் அவன் நன்றி சொன்னான்; காவலாளியின் சைக்கிளுக்குக்கூடச் சொன்னான். இரண்டாம் வருடத்திலிருந்து வெப்ப இயக்கவியல் நடத்த ஆரம்பித்தான். யாருக்காக என்று அவன் சொல்லவில்லை. அரங்கின் கூரையில் இணைப்பில்லாமலே இருந்த ஒலிபெருக்கிகள் வழியாகப் பாடம் தெருத்தெருவாகப் போனது. டீக்கடைக்காரர் பால் ஏன் தானாக மறுபடி சூடாவதில்லை என்பதை விளக்கினார். சலூன்காரரின் மனைவி தபால்வழியில் சேர்ந்து அந்தத் தாளை எண்பது மதிப்பெண்ணில் தேறினாள். தேறாதது ரேடியோ ஒருவன்தான். தேர்வறை அரங்கத்துக்கு எதிரிலேயே இருந்தது. பேனா மூடியைத் திறந்து வைத்ததும் அமுக்குணியின் குரல் ஜன்னல் வழியாக வரும். எவ்வளவு அழகாகப் பேசுகிறான் பார் என்று ரேடியோவுக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும். கேட்டுக்கொண்டே இருப்பான், மணி அடித்துவிடும். முப்பத்தெட்டு வந்தது, நாற்பத்தொன்று வந்தது, தேறத் தேவையான ஐம்பது மட்டும் வரவில்லை. அரங்கத்துக்குள் அவன் ஒருமுறைகூடக் காலெடுத்து வைக்கவில்லை. எந்த முகத்தோடு போவது? அப்பாவுக்குப் பிறகு கடை அவன் கைக்கு வந்தது, காதோரம் நரைத்தது, பேச்சும் குறைந்தது. கடைக்கு வருகிறவர்கள் அவனுக்கு ஏன் ரேடியோ என்று பெயர் என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

ஒன்பதாம் வருடம் அமுக்குணியின் அம்மா கடைக்கு வந்தார். சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து ரேடியோ எழுந்து நின்றான். அவர் முக்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். தினமும் போய் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பதாகச் சொன்னார். பிறகு, “அவனுக்கு இன்னும் இருபத்திரண்டு வயசுதான் தம்பி. அவன் தங்கச்சிக்கு இருபத்தெட்டு ஆயிடுச்சு. தங்கச்சி அவனுக்கு அக்கா ஆயிட்டா. இப்படியே போனா அவ புள்ளைங்களும் அவனுக்கு அண்ணனுங்க ஆயிடுவாங்க. அப்போ நான் இருக்க மாட்டேன்” என்றார். உன்னால்தான் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ரேடியோவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை அவன் கடையைத் திறக்கவில்லை. அரங்கத்துக்குள் நுழைந்து, நடுவழியில் நடந்து, படியேறினான். பக்கத்தில் போனதும்தான் பார்த்தான்: அமுக்குணியின் மோவாயில் விழா அன்று இருந்த பரு அப்படியே இருந்தது. ஒரு குழந்தையை இத்தனை வருடம் வெயிலில் நிறுத்திவிட்டோம் என்று தோன்றியது. அமுக்குணி பேச்சை நிறுத்தாமலேயே அவனைப் பார்த்தான். பாஸாகிவிட்டாயா என்று புருவத்தால் கேட்டான். ரேடியோ இல்லை என்று தலையாட்டினான். அமுக்குணி அடுத்த வாக்கியத்துக்குப் போனான்.

“நகருடா கொஞ்சம்” என்றான் ரேடியோ. தோளால் இடித்து ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டான்.

“எல்லாருக்கும் வணக்கம். இவன் எனக்காகத்தான் நின்னுட்டிருக்கான். நான் இன்னும் பாஸாகல. ஆவேனான்னும் தெரியல. என் பேப்பருக்கு நான்தான் நிக்கணும், இவன் நிக்கக் கூடாது. நீங்களும் காத்துக் கிடக்கக் கூடாது. மன்னிச்சுக்கோங்க.” அதோடு நிறுத்த நினைத்தான், முடியவில்லை. “இவன் பேசினதை ஒரு நாள் விடாம கேட்டேன். நல்லாப் பேசினான். என் ஃப்ரெண்டு. நாங்க விடைபெறுறோம்.”

பழையபடி ரேடியோ பேசிவிட்டதால் அமுக்குணி வாயை மூடிக்கொண்டான். கைதட்டல் உடனே வரவில்லை. முடிந்துவிட்டது என்பது சபைக்கு உறைக்கச் சற்று நேரமானது. பிறகு துணைவேந்தர் எழுந்து பட்டங்களை வழங்கத் தொடங்கினார். அங்கி பற்றாத தொப்பையோடும், கைக்குழந்தையோடும், மூக்குக்கண்ணாடியோடும் வரிசையாக வந்து வாங்கிப் போனார்கள். ரேடியோவின் பெயர் வாசிக்கப்படவில்லை. அவன் மேடை ஓரத்தில் நின்று ஒவ்வொருவருக்கும் கை தட்டினான். ஊரில் அன்று டீக்கடையிலும் சலூனிலும் எல்லாரும் தேவைக்கு மேல் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்; குரல் நின்றுபோனதற்கு மின்வாரியத்தில் இரண்டு புகார்கள் வந்தன, அவையும் முறையாகப் பதிவாயின.

வாசலில் தங்கை காத்திருந்தாள். அண்ணா என்று கூப்பிட வாயெடுத்தவள், அந்தச் சின்ன முகத்தைப் பார்த்துவிட்டு, “வாடா” என்றாள். அமுக்குணி சரியென்று தலையாட்டினான். அம்மா அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, உலை வைக்க வேண்டும் என்று மகளை அழைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

நண்பர்கள் இருவரும் பின்னால் போனார்கள். எதிரில் வந்தவர்கள், ரேடியோ தன் தம்பியை அழைத்துப் போவதாக நினைத்துக்கொண்டு வழிவிட்டார்கள். தெருமுனையில் அமுக்குணி நின்று, சுற்றிலும் பார்த்துவிட்டு, அவன் காதருகில் மெதுவாகச் சொன்னான்.

“கால் வலிக்குதுடா.”

ரேடியோ குனிந்து முதுகைக் காட்டினான். அமுக்குணி ஏறிக்கொண்டான்.