கழித்துப் போட்ட கடலை

புருஷனின் கால் விரல்களுக்கிடையே ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். மயான வண்டி நாலு மணிக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள். வீங்கிய பாதத்தில் விரல் பட்டால் இன்னமும் குழி விழுந்தது. இருபத்தாறு வருஷம் பஸ் பிரேக்கை மிதித்த கால். எவ்வளவு நெரிசலானாலும் ஹாரன் அடிக்காத மனுஷன் என்பதால் பணிமனையில் அவருக்குக் கேலியாக 'ஹாரன்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

நாற்காலியில் நாத்தனார் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. காலையில் வந்ததிலிருந்து தம்பியின் பக்கத்தில் போகவில்லை. அழவும் இல்லை.

"எத்தனை தடவை தலைபாடா அடிச்சுக்கிட்டேன், குடியை விடுடான்னு. கேட்டானா?" என்றார் பொதுவாக.

துடைத்த கை நின்றது. "யாரு குடிச்சா அண்ணி?"

"உனக்குத் தெரியாதாக்கும்! என் தம்பியே ஒத்துக்கிட்டான். ரெண்டு வருஷமா போன்ல நான் திட்டாத திட்டில்ல. எல்லாத்துக்கும் 'சரிக்கா'ம்பான்."

வாசலில் நின்ற கண்டக்டர் தொண்டையைச் செருமினார். பதினெட்டு வருஷம் அவரோடு ஒரே வண்டியில் ஓடியவர். "எங்ககிட்டயும் அதையேதான் சொன்னாரு. டியூட்டி முடிஞ்சு தனியா போய்க் குடிப்பேன்னு. எனக்கு நம்பவே முடியலம்மா. டீக்கடைக்கு வந்தா பால் வாங்கிக் குடிக்கிற ஆளு."

ரெண்டு வருஷம். அவளுக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது.

சின்ன வயதில் தொற்றிய காமாலைக் கிருமி உள்ளேயே தங்கி, அவருடைய ஈரல் பல வருஷமாகக் கெட்டுக்கொண்டிருந்தது. அவளுக்குக் கடலைக் கிடங்கில் வேலை. ஓடும் பட்டையில் வரும் பருப்பில் சுருங்கியது, நிறம் மாறியது, பூசணம் பிடித்தது என்று பொறுக்கித் தள்ள வேண்டும். அவள் கண்ணுக்கு ஒன்றுகூடத் தப்பாது. எண்ணெய்க்குப் போகும் அந்தக் கழிவை வேண்டியவர்கள் வீட்டுக்கும் அள்ளிப் போகலாம். நோயாளி உடம்புக்குத் தெம்பு வேண்டுமே என்று அவளும் அள்ளி வந்து, மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவி, காயவைத்து, வறுத்துக் கொடுப்பாள். கசந்தாலும் அவர் ஒன்று விடாமல் மென்று தீர்ப்பார்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் புது டாக்டர் சாப்பாட்டைப் பற்றி விசாரித்தபோது இதைப் பெருமையாகத்தான் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பூசண விஷம் கழுவினாலும் வறுத்தாலும் போகாதும்மா. நல்ல ஈரலுக்கே ஆகாது. இவருக்கு ஏற்கெனவே பழுதான ஈரல். இப்பக் கட்டி வந்திருக்கு. கடலையாலதான்னு என்னால சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது."

வீடு வரும்வரை அவர் வாய் திறக்கவில்லை. செருப்பைக் கழற்றும்போது மட்டும், "இதை யார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காதே" என்றார். தன் மேல் கோபம் என்றே அவள் நினைத்துக்கொண்டாள். கோபமா என்று கேட்க இரண்டு வருஷமாக வாய் வரவில்லை. இன்று காலையோடு கேட்க ஆளும் இல்லாமல் போய்விட்டது.

கோபம் இல்லை. பாவி மனுஷன், பழியைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறார். இனி அவள் பேசாமல் இருந்தால் போதும், ஒருவரும் அவளை ஒரு சொல் சொல்ல மாட்டார்கள். அதற்காகத்தானே இவ்வளவும் செய்தார்.

"அவர் ஒரு சொட்டுகூடத் தொட்டதில்ல அண்ணி" என்றாள். "நான்தான். கிடங்குல கழிச்சுப் போட்ட கடலையைக் கொண்டாந்து கொடுத்தேன். வருஷக்கணக்கா கொடுத்தேன். தெரியாது அண்ணி, சத்தியமா எனக்குத் தெரியாது. அதுல விஷம் இருக்குன்னு டாக்டர் சொன்னப்ப அவரும் பக்கத்துலதான் இருந்தாரு."

கண்டக்டர் தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

நாத்தனார் கண்ணாடியைக் கழற்றினார். "குடிகாரன், குடும்பத்தைக் கெடுக்க வந்தவன்னெல்லாம் சொன்னேன்" என்றார் மெதுவாக. "அத்தனையும் வாங்கிக்கிட்டானே..."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எந்த வசவு வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது. நாற்காலி நகர்ந்தது. நாத்தனார் தம்பியின் தலைமாட்டில் வந்து நின்று, நெற்றியில் கிடந்த முடியை ஒதுக்கிவிட்டு, அவளைத் தாண்டிச் சமையலறைக்குள் போனார். எந்தப் பாத்திரம் எங்கே இருக்கிறதென்று தெரியாமல் ஒவ்வொன்றாக உருட்டும் சத்தம் கேட்டது.

வெகுநேரம் கழித்து ஒரு டம்ளர் பாலுடன் வந்து, முழங்கால் வலியோடு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஏடு படியாமல் ஊதி ஊதி ஆற்றினார். வெளியே வண்டி வந்து நின்றது.

"கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க" என்றார் கண்டக்டரிடம். பிறகு டம்ளரை அவள் கையில் வைத்தார்.

"சூடா இருக்கு. பாத்து."