ஆணியில் தொங்கிய டோக்கன்

மகள் கப்பலில் படிக்கிறாள் என்று ஐடா சொன்னபோது சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த அந்த லைனில் பாதிப் பேர் நம்பவில்லை. கப்பலில் வேலை பார்ப்பார்கள், சரக்கு ஏற்றுவார்கள், படிக்கவா செய்வார்கள்? ஜெனிட்டா படித்தாள். பெங்களூர் காலேஜில் தேர்வு எழுதி உதவித்தொகை வாங்கிக்கொண்டு போனாள். பல தேசத்துப் பிள்ளைகளோடு கடலிலேயே வகுப்பு, துறைமுகம் வந்தால் இறங்கி ஊர் பார்ப்பது, அதைப் பற்றி எழுதிக் கொடுப்பது என்று அப்படி ஒரு படிப்பு இருக்கிறது. தங்க வயல் பிள்ளைக்கு இப்படி ஒரு யோகமா என்று வாயைப் பிளந்தவர்கள் பிளந்தபடியே இருந்தார்கள்.

கண் பட்டுவிட்டது, மகள் மேல் படாமல் அப்பன் மேல் பட்டுவிட்டது என்பது பக்கத்து வீட்டுப் பார்வதம்மாவின் கட்சி. கண்ணும் இல்லை, மண்ணும் இல்லை. டைட்டஸ் இருபது வயதில் சுரங்கத்துக்குள் டிரில் பிடித்தவர். அப்போது மூக்கு வழியாகப் போன கல்தூள் நெஞ்சிலேயே குடித்தனம் வைத்துவிட்டது. சுரங்கத்தை மூடிய பிறகு பங்காருபேட்டையில் ரயில் பிடித்துப் பெங்களூர் போய் வாட்ச்மேன் வேலை பார்த்த வருஷங்களில் அது வெறும் இருமலாக இருந்தது. மகள் கப்பல் ஏறிய கையோடு ஆளைப் படுக்க வைத்துவிட்டது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், வாரம் தாண்டினால் பெரிது என்று டாக்டர் ஐடாவைத் தனியாக அழைத்துச் சொன்னார். டைட்டஸிடம் யாரும் சொல்லவில்லை. டிரில் பிடித்தவர்கள் எப்படிச் சாவார்கள் என்று அவருக்கு யார் சொல்ல வேண்டும்?

கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணி. அதில் அவருடைய பழைய பித்தளை டோக்கன். சுரங்கத்தில் இறங்குகிறவன் பலகையிலிருந்து தன் டோக்கனை எடுத்துக்கொண்டு, ஆளைக் கீழே இறக்கும் இரும்புக் கூண்டான கேஜில் நிற்பான், ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் திருப்பி மாட்டுவான். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று பொருள். மகள் எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் டைட்டஸ் டோக்கனை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொள்வார். அவள் கப்பலுக்குத் திரும்பி, "ஏறிட்டேன் டாடி" என்று சொன்ன பிறகுதான் அது ஆணிக்குப் போகும். அதுவரை கஞ்சியும் இறங்காது, கண்ணும் மூடாது. கப்பலிலும் இறங்கும்போதும் ஏறும்போதும் அட்டையைத் தேய்த்து ஆள் சரிபார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அந்தக் கப்பல்காரர்கள் மேல் அவருக்குத் தனி மரியாதை.

அன்றைக்குக் கப்பல் மொரீசியஸ் தீவில் நின்றது. சாயங்காலம் கிளம்பினால் அடுத்த கரை வர ஒரு வாரம் ஆகும், நடுவில் தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. மகள் வர வேண்டுமானால் இன்றைக்கு அந்தத் தீவில் இறங்கினால்தான் உண்டு. ஐடாவுக்கு விடிந்ததிலிருந்து இதே நினைப்பு. சொன்னால் படிப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவாள், சொல்லாவிட்டால் அப்பனை உயிரோடு பார்க்க மாட்டாள். இருதலைக் கொள்ளி எறும்பாக அடுப்படிக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டிருந்தாள். டைட்டஸ் எப்போதோ முந்திக்கொண்டுவிட்டார். வேதாகமத்தின் மேல் அவள் கையை வைத்து, மகளிடம் வாய் திறக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருந்தார். "நம்ம வம்சத்துல எல்லாரும் கீழதான் போனோம். அது ஒண்ணுதான் வெளிய போயிருக்குது. அத்த இசுத்துக்கினு வராத," என்றார்.

காலையில் ஜெனிட்டா வீடியோவில் அழைப்பதாகச் சொல்லியிருந்தாள். டைட்டஸ் சர்ச்சுக்குப் போடும் சட்டையைப் போடச் சொல்லி, தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்தார். மூக்கிலிருந்த குழாயைத் தானே கழற்றினார். ஐடா ஆக்சிஜன் மெஷினை நிறுத்த வேண்டும், அதுதான் ஏற்பாடு. மோட்டார் உறுமலும் நடுநடுவே புஸ்ஸென்று பெருமூச்சும் விடுகிற அந்த மெஷின் பார்வதம்மாவின் புருஷன் பெருமாளுக்கு வாங்கியது. அவர் போய்ச் சேர்ந்த பிறகு இங்கே வந்திருந்தது. பெருமாள் கிடந்த காலம் முழுக்க அந்தச் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டது. அந்தச் சத்தம் எங்கே போய் முடியும் என்று அந்த லைனில் வளர்ந்த பிள்ளை எதற்கும் பாடம் எடுக்க வேண்டாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று முனகிக்கொண்டே ஐடா சுவிட்சை அணைத்தாள்.

திரையில் கடல் வந்தது. அத்தனை நீலத்தை ஐடா பார்த்ததே இல்லை. பின்னால் தென்னை, முன்னால் வெள்ளை வெளேரென்று மணல், அதில் கூட வந்த பிள்ளைகள் படுத்துப் புரண்டுகொண்டிருந்தார்கள். நடுவில் ஜெனிட்டா துப்பட்டாவால் மூக்கையும் வாயையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள். காற்று அடித்ததும் வெள்ளை மணல் பறந்ததாம், யோசிக்காமலே கட்டிக்கொண்டாளாம். எல்லாரும் ஏன் என்று கேட்டுச் சிரிக்கிறார்களாம்.

பொன்னை எடுத்துவிட்டுக் கொட்டிய பொடி மலையாகக் குவிந்த சைனைட் மேட்டின் அடியில் வளர்ந்த பிள்ளைக்கு அது கூடப் பிறந்த பழக்கம். காற்றுக் காலத்தில் அந்த வெள்ளைத் தூள் சோற்றுத் தட்டு வரைக்கும் வரும். மூக்கை மூடு, மூக்கை மூடு என்று அவள் முதுகில் நாலு போட்டு வளர்த்தவரே டைட்டஸ்தான்.

"அவுத்துடு மா," என்றார் அவர். "அது நல்ல மண்ணு. நல்லா இசுத்து மூச்சு வுடு."

அவள் அவிழ்த்தாள். கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். அப்பன் இங்கே மூச்சுக்குத் தவித்துக்கொண்டு அதைப் பார்த்துச் சிரித்தார். உதடு நீலம் பாரிப்பதை ஐடா பார்த்துவிட்டாள். சிக்னல் இல்லை என்று ஏதோ உளறி போனை அணைத்து மெஷினைப் போட்டாள். அவர் மூச்சு நிலைக்கு வர வெகு நேரம் ஆயிற்று. வந்ததும், டோக்கன் இருந்த கையை மூடிக்கொண்டு படுத்துவிட்டார்.

மத்தியானம் பார்வதம்மா ரசம் கொண்டு வந்தாள். பெருமாள் சாகும்போது அவள் பிள்ளை வேலைக்குப் போன ஊரிலிருந்து வந்து சேரவில்லை. அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. "நீ சொல்லாத போனா அந்தப் பொண்ணு உன்ன காலத்துக்கும் கேக்கும்," என்றாள். சத்தியம் செய்துவிட்டேனே என்று ஐடா சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு அழுதாள். வாய் திறக்க மாட்டேன் என்றுதானே சத்தியம், மெஷினுக்கு ஏது வாய் என்று கேட்டுவிட்டுப் பார்வதம்மா கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் போன் அடித்தது. டைட்டஸ் குழாயைக் கழற்றிவிட்டு ஐடாவைப் பார்த்தார். ஐடா சுவிட்சுக்குப் போகவில்லை. சும்மா நின்றாள். அவர் கையை ஆட்டினார், அவள் பார்க்காதவள் போல அழைப்பை எடுத்தாள். துறைமுகத்தில் வரிசையில் நிற்கிறேன், இதோ ஏறப் போகிறேன் என்று ஜெனிட்டா ஆரம்பித்தாள். மெஷின் உறுமியது. புஸ்ஸென்று ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு.

அவள் பேச்சு நின்றுவிட்டது. முகம் மெல்ல மாறுவதை ஐடா பார்த்தாள். என்ன சத்தம் என்று அவள் கேட்கவே இல்லை. பெற்ற பிள்ளையின் சந்தோஷத்தைத் தன் கையாலேயே அணைத்துவிட்டோம் என்று ஐடா நினைத்தாள். திரை இருண்டு, கொஞ்ச நேரம் கழித்துக் குரல் மட்டும் வந்தது.

"ஏறிட்டேன் டாடி. நீங்க தூங்குங்க."

"ஏறிட்டியா?" என்று அவர் மறுபடி கேட்டார்.

"ஏறிட்டேன்."

போனை வைத்த கொஞ்ச நேரத்தில் ஐடாவுக்கு ஒரு செய்தி வந்தது. நான் ஏறவில்லை, கூட வந்த டீச்சரோடு ஏர்போர்ட் போகிறேன், நாளை வந்துவிடுவேன், அப்பாவிடம் சொல்லாதே, சங்கடப்படுவார் என்று இருந்தது. அவளும் அப்பனைப் போலத்தான். ஐடா போனை மார்போடு அணைத்துக்கொண்டாள். மகள் வருகிறாள் என்ற நிம்மதியில் வேறு எதுவும் அவள் புத்தியில் ஏறவில்லை.

டைட்டஸ் கையைத் திறந்தார். வியர்வையில் நனைந்த டோக்கனை நீட்டி, "மாட்டு," என்றார். அப்போதாவது அவள் சொல்லியிருக்கலாம். ஏறவில்லை, உன்னைப் பார்க்க வந்துகொண்டிருக்கிறாள், அந்தக் கையை இன்னும் ஒரு ராத்திரி மூடிக்கொண்டிரு என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்ததை மென்று விழுங்கினாள். படிப்பைக் கெடுத்தாயே என்று கடைசி நேரத்தில் அவர் தன்னைத் திட்டிவிடுவாரோ என்ற பயம். டோக்கனை வாங்கி ஆணியில் மாட்டினாள். அவர் அது ஆடி நிற்கும் வரை பார்த்தார். அப்புறம் கஞ்சி கேட்டு நாலு வாய் குடித்தார், கண்ணை மூடினார். இத்தனை நாளில் அப்படி நிம்மதியாகத் தூங்கி அவள் பார்த்ததில்லை.

பால்காரர் வந்து போன நேரத்தில் அவர் போய்விட்டார். மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஜெனிட்டா விமானத்தில் இருந்தாள். வீட்டு வாசலில் ஷாமியானாவையும் நாற்காலிகளையும் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். பையைக் கூடக் கழற்றாமல் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் துப்பட்டா மடிப்பிலிருந்து வெள்ளை மணல் தரையில் உதிர்ந்தது. பார்வதம்மா மூக்கை மூடப் போய்க் கையை இறக்கிக்கொண்டாள்.

"நான் வரேன்னு டாடிக்குத் தெரியுமா மா?"

இன்னொரு பொய் சொல்ல ஐடாவுக்குத் தெம்பில்லை. "சொல்லல மா. நீ ஏறிட்டன்னு நெனச்சினுதான் கண்ண மூடினாரு."

ஜெனிட்டா ஆணியைப் பார்த்தாள். "ஏறலன்னு சொல்லியிருந்தா இருந்திருப்பாரு," என்றாள். "நான் ஏறாம அவரு தூங்கினதே இல்ல மா."

சொல்லாதே என்று அவர் தடுத்ததை ஐடா மெஷினை விட்டு மகளுக்குச் சொன்னாள், சொல்ல வேண்டியதை அவர் கண்ணுக்கு நேரே மறைத்தாள். ஒரே சாயங்காலத்தில் இரண்டையும் மாற்றிச் செய்துவிட்டாள். இனி எந்த ஜெபத்தில் இதை இறக்கி வைப்பது?

பாட்டு முடிந்து பெட்டியை மூடும் நேரம் வந்தது. ஜெனிட்டா எழுந்து போய் டோக்கனை ஆணியிலிருந்து எடுத்தாள். அப்பாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கப் பார்த்தாள், அவை மடங்க மறுத்தன. சபை மூப்பர் தயங்கி, பித்தளையை எடுத்துவிடலாமா என்று ஐடாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"இருக்கட்டுங்க," என்றாள் ஐடா. "கீழ போறவரு எடுத்துக்கினுதான் போவணும்."