திரைக்கு இந்தப் பக்கம்

“அதுல கை வைக்காதீங்க” என்றாள் தஹ்மீனா.

முக்காலி மேல் ஏறி நின்ற பாசித்தின் கை திரைக் கயிற்றின் முடிச்சிலேயே நின்றுவிட்டது. அவர் ஜமாஅத் செயலாளர். ஊரில் யார் வீட்டுக்கு இறந்தவரைச் சுமக்கும் சந்தூக்குப் பெட்டி போனாலும் அதன் முன்பக்கம் அவர் தோளில்தான் இருக்கும். எந்த வீட்டில் எந்தக் கதவைக் கழற்றினால் மய்யித்தை இடிக்காமல் வெளியே கொண்டுவரலாம் என்பது அவருக்கு அளந்து பார்க்காமலே தெரியும்.

“சந்தூக்கு திரும்பாதும்மா, எடம் பத்தாது. இத அவுத்துட்டா லேசா எடுத்துடலாம்.”

“எடுக்குறப்ப பாத்துக்கலாம். இப்ப ஓதுறவங்க வர்ற நேரம்.” தஹ்மீனா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பாசித் இறங்கினார். கோபப்படவில்லை. செத்த வீட்டில் கோபப்படும் வழக்கம் அவருக்கு இல்லை. “அஸர் தொழுகைக்கு முன்னால பள்ளிவாசலுக்குக் கொண்டுபோவணும். அரை மணி நேரம் வெளில இருக்கோம்” என்றவர், செருப்பை மாட்டிக்கொண்டே, “எப்படியும் நாளைக்கு அவுத்துத்தானே ஆவணும்? ஹஜ்ரத் இல்லாம திரை எதுக்கு?” என்றார். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. அதனாலேயே அது நெஞ்சில் தைத்தது.

கூடத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டு தொங்கியது அந்தத் திரை. நாலு வெள்ளை வேட்டிகளைச் சேர்த்துத் தைத்தது. திரைக்கு இந்தப் பக்கம், எப்போதும் உட்காரும் இடத்திலேயே, தஹ்மீனாவின் வாப்பா மீரா உசேன் ஹஜ்ரத் கஃபன் துணிக்குள் கிடந்தார். முகத்தை மட்டும் இன்னும் மூடவில்லை. கால்மாட்டில் அவர் மனைவி லத்தீஃபா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலைமாட்டில் ஒரு தேக்குப் பலகை, அதன் மேல் கறுத்து வழவழத்த ரூல்தடி.

அந்தத் திரைக்கு இருபத்தாறு வருடம். கல்லணைக் கால்வாயின் கடைமடையில், பேராவூரணிக்குத் தெற்கே இருக்கும் அந்த ஊரில் ஆண்களில் பாதிப் பேர் சபுரில் இருந்தார்கள். முதலில் மலேசியா, பிறகு துபாய், குவைத், சவூதி. பெண்கள் ஊரில் இருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் கடிதத்தைப் படித்துக்காட்ட அவர்களுக்குத் தபால்காரரோ கடைக்காரரோ வேண்டியிருந்தது. புருஷன் பெண்டாட்டிக்கு எழுதியது ஊருக்கெல்லாம் தெரிந்தது. ஹஜ்ரத் வேட்டிகளைத் தைக்கச் சொல்லிக் கூடத்தில் கட்டினார். அந்தப் பக்கம் பெண்கள், இந்தப் பக்கம் அவர். ஒரு மணி நேரம் குர்ஆன் ஓதல், அரை மணி நேரம் தமிழ் எழுத்து. தேங்காய் உரிக்கும் காத்தானின் மனைவி ராசம்மாள்கூட எழுத்து நேரத்துக்கு மட்டும் வந்து வாசலோரம் உட்கார்ந்து, சிங்கப்பூர் மகனுக்குத் தானே கடிதம் எழுதும் அளவுக்குத் தேறினாள்.

ஜமாஅத்தில் சும்மா விடவில்லை. பொம்பளைகளுக்கு எழுத்து எதற்கு என்று கூட்டம் போட்டுக் கேட்டார்கள். “புருஷன் எழுதுனத அடுத்த ஆம்பள படிச்சுக் காட்டுறாரே, அதுக்கு மொதல்ல பதில் சொல்லுங்க” என்று ஹஜ்ரத் கேட்டார். கூட்டம் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கலைந்தது.

அந்தப் பெண்களில் ஒருத்தியின் முகத்தையும் அவர் பார்த்ததில்லை. அவர்களும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. தெருவில் அவர் வந்தால் அவர்கள் ஒதுங்கி நின்று திரும்பிக்கொள்வார்கள். ஆனால் குரல் தெரியும். ஒருமுறை பேராவூரணி மருந்துக் கடையில் முதுகுக்குப் பின்னால் யாரோ இருமல் மருந்து கேட்க, திரும்பாமலே, “ஃபஹ்மிதா, இந்தச் சளியோட நாளைக்கு ஓத வராதே, படுத்துக்க” என்றாராம். மகன் ஹஸ்ஸான் தம்மாமிலிருந்து மெரூன் நிறத்தில் கனமான திரைத்துணி அனுப்பினான். இரண்டு நாள் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு, “குரல வடிகட்டி அனுப்புது இது” என்று கழற்றி மெத்தைக்கு உறை தைக்கச் சொல்லிவிட்டார்.

யாராவது தப்பாக ஓதினால் வாய் திறந்து திருத்தமாட்டார். ரூல்தடியால் பலகையில் ஒரு தட்டு. ஒன்று தட்டினால் தப்பு, திரும்பப் போ. இரண்டு தட்டினால் சரி, மேலே போ. அவ்வளவுதான் பாடம். தப்பு எங்கே என்று ஓதியவளே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

பதினான்கு மாதங்களுக்கு முன்னால் ஒரு நாள் பாடம் முடிந்ததும் அவர் தஹ்மீனாவிடம் கேட்டார்: “இன்னக்கி ஃபஹ்மிதா எத்தன தப்பு விட்டா?”

“ஒண்ணும் விடல வாப்பா.”

மூன்று இடத்தில் விட்டிருந்தாள். தட்டு விழாததைத் தஹ்மீனா கவனித்திருந்தாள். அவர் மகளின் உதட்டையும் கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பொய் சொல்றே. எனக்குக் கேக்கல. ரெண்டு மாசமா பள்ளிவாசல் பாங்கே கேக்கல.” ரூல்தடியை எடுத்து அவள் கையில் வைத்தார். “நீ தட்டு. நோன்பு வரட்டும், அவங்ககிட்ட நானே சொல்லிடறேன்.”

நோன்பு வந்தது, போனது. பெருநாள் வந்தது, போனது. அவர் சொல்லவில்லை. தினமும் திரைக்கு இந்தப் பக்கம் அவர் தலையை லேசாக ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் உட்கார்ந்து தஹ்மீனா தட்டுவாள். மூன்று பேர் அவள் தட்டலில் முழுதும் ஓதி முடித்து ஹத்தம் செய்தார்கள். ஃபஹ்மிதாவும் அதில் ஒருத்தி. பத்தொன்பது வயதில் ஒரு எழுத்தும் தெரியாமல் வந்தவள். ஹத்தம் முடிந்ததும் திரைக்கு அந்தப் பக்கமிருந்து தேம்பித் தேம்பி, “தட்டுன கைக்கு அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்” என்றாள். தஹ்மீனாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. வாப்பாவுக்குச் சேர வேண்டியதைத் திருடித் தின்கிற மாதிரி இருந்தது. புரூனே போன அவள் புருஷன் கடிதம் போடுவதை நிறுத்தி ஏழு வருடம் ஆகிறது. அப்போதுகூட அவள் இவ்வளவு கூசியதில்லை.

இன்று காலை சுபுஹுத் தொழுகைக்குப் பிறகு வாப்பாவின் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. தஹ்மீனா அவர் கையைப் பிடித்துக்கொண்டு மனப்பாடமாகக் குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதினாள். அவர் கண் அவள் முகத்தின் மேலேயே இருந்தது. ஓதி முடிக்கும் முன்னால் கையை விடுவித்துக்கொண்டு, விரல் கணுவால் கட்டில் சட்டத்தில் ஒரு தட்டுத் தட்டினார்.

ஒரே ஒரு தட்டு. இரண்டாவது வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை.

அதிலிருந்து அவள் காது அந்தச் சத்தத்தை விடவில்லை. கொல்லையில் இலந்தை இலை போட்டுத் தண்ணீர் காயவைத்தபோது அடுப்பில் விறகு வெடித்தது, திரும்பிப் பார்த்தாள். மய்யித்தைக் குளிப்பாட்டும்போது மறைப்புக்குள் செம்பு பலகையில் இடிபட்டது, எழுந்துவிட்டாள். தென்னையிலிருந்து மட்டை விழுந்தது. எல்லாம் ஒவ்வொரு தட்டுத்தான், எதுவும் இரண்டாகவில்லை. எது தப்பு வாப்பா? கேட்காத காதால் என்ன தப்பைக் கேட்டீர்கள்? பதினான்கு மாதமாகச் செய்ததைத்தான் சொன்னீர்களா? திரும்பப் போ என்றால் எங்கே போவது?

உம்மாவிடம் மட்டும் சொன்னாள்.

“தண்ணி கேட்டிருப்பாங்க” என்றாள் லத்தீஃபா. “தண்ணி வேணும்னா அப்படித்தான் தட்டுவாங்க.”

“தண்ணிக்கு ரெண்டு தட்டு உம்மா.”

லத்தீஃபா மகளின் தலையிலிருந்து நழுவிய முக்காட்டைச் சரிசெய்தாள்.

தம்பி ஹஸ்ஸான் தம்மாமிலிருந்து போன் செய்தான். அழுதான். லீவு கிடைத்து வந்து சேர மூன்று நாள் ஆகும், எனக்காக வைத்திருக்க வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்றான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “உம்மாவோட நாலு மாச இத்தா முடிஞ்சதும் அவங்களயும் கூட்டிக்கிட்டு மெட்ராஸ் ஃப்ளாட்டுக்குப் போயிடு ராத்தா. வீட்டப் பூட்டிடலாம். இனிமே அங்க என்ன இருக்கு?” என்று கேட்டான். அவன் கேட்டதும் பாசித் கேட்டதும் ஒரே கேள்விதான். திரைக்கு இந்தப் பக்கம் ஹஜ்ரத் இல்லாவிட்டால் அந்தப் பக்கம் யார் வருவார்கள்? இதுவரை தட்டியது யார் என்று தெரிந்துவிட்டால் வாசலைக்கூட மிதிப்பார்களா?

பின்சந்து வழியாகப் பெண்கள் வந்தார்கள். செருப்புகளைக் கழற்றும் சத்தம், வளையல், ஒரு குழந்தையின் சிணுங்கல். திரைக்கு அந்தப் பக்கம் பாயில் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். யாரும் முகம் பார்க்கக் கேட்கவில்லை. அந்நிய ஆணின் மய்யித்தைப் பார்க்கக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். விசும்பல் அடங்கியதும் பாடத்தில் ஓதுவது போலவே, ஆளுக்கு ஒரு பகுதியாக யாசீன் ஓத ஆரம்பித்தார்கள்.

தஹ்மீனா பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாடையைச் சுற்றிக் கட்டிய துணி அவரைப் பல்வலிக்காரரைப் போல் காட்டியது. மூக்கில் பஞ்சு. கேட்டுக்கொண்டிருக்கும் பாவனை மட்டும் போகவில்லை.

மூன்றாவதாக ஃபஹ்மிதா எடுத்தாள். குரல் நடுங்கியது, ஆனாலும் தெளிவாக இருந்தது. அந்த இறுதி நாள் எப்போது வரும் என்று ஜனங்கள் கேட்கும் வசனத்துக்கு வந்தாள். அது ஒரு பொல்லாத இடம். அதே வசனம் தபாரக் சூராவிலும் ஒரு எழுத்துப் பிசகாமல் வரும். இரவுதோறும் தபாரக் ஓதிப் பழகிய நாக்கு, யாசீனை விட்டுவிட்டு அந்தப் பக்கம் இறங்கிவிடும். “பட்டுக்கோட்டைக்குப் போறவங்க அறந்தாங்கி பஸ்ஸுல ஏறிடற எடம் இது, போர்டப் பாத்து ஏறுங்க” என்று ஹஜ்ரத் அந்த இடம் வரும்போதெல்லாம் கிண்டல் செய்வார். பெண்கள் முந்தானைக்குள் சிரிப்பார்கள்.

ஃபஹ்மிதா ஏறிவிட்டாள். யாசீனில் அங்கே வர வேண்டியது ஒரே ஒரு பெருஞ்சத்தத்தைப் பற்றிய வசனம். அவள் தபாரக்கில் நாலு சொல் போய், நின்றுவிட்டாள்.

யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. தெரிந்தவர்கள் அந்தப் பக்கம் பத்துப் பேராவது இருந்தார்கள். ஒரு உதடும் அசையவில்லை. இருபத்தாறு வருடப் பழக்கம். தப்பு விழுந்தால் தட்டு விழ வேண்டும், விழும்வரை காத்திருக்க வேண்டும்.

தஹ்மீனாவுக்குச் சட்டென்று உறைத்தது. காலையில் அவள் கையிலிருந்து வாப்பா கையை உருவிக்கொண்டதும் ஏறக்குறைய இந்த இடத்தில்தானே? அவளும் இரவெல்லாம் அவருக்காகத் தபாரக் ஓதியிருந்தாள். அவர் கண் அவள் உதட்டில் இருந்தது. இங்கேதான் அவளும் பஸ் மாறி ஏறினாளா? அந்தத் தட்டு இதற்குத்தானா? நினைத்து நினைத்துப் பார்த்தாள். வாய் என்ன சொன்னது என்று நினைவுக்கு வரவே இல்லை. இதுவாக இருக்கட்டும் யா அல்லாஹ், இதுவாக மட்டும் இருக்கட்டும் என்று மனம் கெஞ்சியது.

அவள் கண் ரூல்தடிக்குப் போனது. தட்டினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். மய்யித்து தட்டாது. தட்டாவிட்டால், அவர் காலடியில் வைத்து ஓதிய தப்பு திருத்தப்படாமலே அவரோடு கபருக்குப் போகும். கையை நீட்டினாள். எடுக்க வரவில்லை.

திரைக்கு அந்தப் பக்கம் ஃபஹ்மிதா மூக்கைச் சிந்தினாள். பிறகு, பக்கத்தில் இருப்பவளிடம் தண்ணீர்ச் செம்பு கேட்பது போல, சாதாரணமாகச் சொன்னாள்.

“தட்டுங்க ராத்தா.”

யாரும் “என்ன” என்று கேட்கவில்லை. ஒரு வளையல்கூட அசையவில்லை. லத்தீஃபா தலை தூக்கி மகளைப் பார்த்தாள், பிறகு குனிந்துகொண்டாள்.

தஹ்மீனா ரூல்தடியை எடுத்து ஒரு தட்டுத் தட்டினாள்.

ஃபஹ்மிதா இரண்டு வசனம் பின்னால் போனாள். மறுபடி வந்தாள். அந்த இடத்தில் ஒரு மூச்சு நிதானித்து, சரியான வழியில் திரும்பி, நின்று காத்திருந்தாள். தஹ்மீனா இரண்டு தட்டுத் தட்டினாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சத்தம் வராமல் முந்தானையைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் ஓதல் போய்க்கொண்டிருந்தது.

வாசலில் பாசித் செருமினார். ஓதி முடித்த பெண்கள் எழுந்து, திரையிலிருந்து நாலடி தள்ளிச் சுவரோரம் நின்றார்கள். ஆண்கள் உள்ளே வந்தார்கள். ஹஜ்ரத்தின் முகத்தை மூடினார்கள், சந்தூக்கில் வைத்தார்கள், மேலே பச்சைத் துணி விரித்தார்கள்.

பாசித் முக்காலியை இழுத்தார். “இப்பவாவது அவுத்துடவாம்மா?”

“வேண்டாம். துணிதானே, தள்ளிக்கிட்டுத் திருப்புங்க.”

“நாளைக்கு?”

“நாளைக்கும் ஓத வருவாங்க.”

பாசித் அவள் கையில் இருந்த ரூல்தடியைப் பார்த்தார். முக்காலியைக் காலால் ஓரம் தள்ளிவிட்டுத் தோளைக் கொடுத்தார்.

தூக்கினார்கள். வாசலுக்கு நேராகத் திருப்பும்போது இடம் பத்தவில்லை. சந்தூக்கின் பின்பக்கம் திரையில் முட்டி, வெள்ளைத் துணியை அந்தப் பக்கம் ஒரு முழம் தள்ளிக்கொண்டு போனது. சுவரோரம் நின்ற பெண்கள் திரும்பிக்கொள்ளவில்லை. பிறகு சந்தூக்கு வாசலைப் பார்த்து நேரானது. திரை மெதுவாகத் தன் இடத்துக்குத் திரும்பி வந்து, இரண்டு மூன்று தரம் ஆடி, நின்றது.