பிரின்ஸிக்கு இரண்டாவது இடம்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலைப் பார்த்தபடி ஒன்பது அறைகள் கொண்ட ஒரு ரிசார்ட். அதன் முதலாளி கேசவன் தன் பாரசீகப் பூனைக்கு பிரின்ஸி என்று பெயர் வைத்திருந்தார். வருகிறவர்கள் கடலைவிடப் பிரின்ஸியைத்தான் அதிகம் படம் எடுத்தார்கள். ஆகவே அங்கே கேசவனுக்கு அடுத்த பதவி அதற்குத்தான். அறைகளைச் சுத்தம் செய்யும் சாராளுக்கு என்ன பதவி என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், பூனைக்கும் துடைப்பத்துக்கும் நடுவில் எங்கேயோ என்று பதில் வந்திருக்கும்.

அந்தப் பிரின்ஸி ஒரு திங்கட்கிழமை, தான் ஒன்றுக்கும் இரண்டுக்கும் போகும் மணல் பெட்டியைக் கைவிட்டது. நாலாம் எண் அறையில், வெளுத்து விரித்த விரிப்பின் நட்டநடுவில், அளந்து வைத்ததுபோல் ஈரம் செய்துவிட்டு வந்தது. புதன்கிழமை ஏழாம் எண் அறை. வெள்ளிக்கிழமை, பெங்களூர்த் தம்பதி திறந்து வைத்திருந்த சூட்கேஸ். அவர்கள் அன்றைக்கே கிளம்பிப் போனார்கள்.

கேசவன் சாராளைக் கூப்பிட்டார்.

"பொட்டிய ஒழுங்கா கழுவுறியா, இல்லியா?"

"தெனம் ரெண்டு வாட்டி கழுவுறேன் சார். நீங்க சொன்ன மாதிரியே பினாயில் ஊத்தி."

"அப்புறம் ஏன் அது கட்டில் கட்டிலா போவுது? இன்னொரு தடவ நடந்துச்சு, நீ வேலைக்கு வர வேணாம்."

சாராளின் மகள் ஜெபா செங்கல்பட்டில் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். இந்த வேலை போனால் அந்தப் படிப்பும் பாதியில் நிற்கும். சாராள் பூனையின் பின்னாலேயே துணியும் கையுமாக ஓடினாள். தோட்டக்காரர் சின்னையன், "அதுக்குக் கண்ணு பட்டுகீது, மொளகா சுத்திப் போடு" என்றார். சமையல்கார ரெஜினா, "வஞ்சிரம் போட்டு வளத்தா திமிரு வராம இன்னா வரும்?" என்றாள். கேசவன் செல்போனில் பதினோரு வீடியோ பார்த்துக் குழம்பி, கடைசியில் திருக்கழுக்குன்றத்திலிருந்து கால்நடை டாக்டர் ஃபைஸாவை வரவழைத்தார்.

டாக்டர் பூனையைத் தடவிப் பார்த்தார். மணல் பெட்டியைக் காட்டச் சொன்னார். அது ஜெனரேட்டருக்குப் பின்னால் இருந்தது. யாரோ நாற்றம் என்று சொன்னதால், போன மாதம் கேசவன்தான் அதை அங்கே மாற்றினார். பக்கத்தில் ஒரு கதவு. 'ஊழியர் கழிப்பறை' என்று எழுதிய அந்த அறைக்குள் பழைய மெத்தைகளும் பினாயில் கேன்களும் குடியிருந்தன. குழாயில் தண்ணீர் வந்து மூன்று வருடம். ஆண்கள் சவுக்குத் தோப்புக்குப் போனார்கள். பெண்கள் காலையில் வீட்டில் போனால், மறுபடி இரவு வீட்டில்தான். சாராளுக்கு ஒரு வருடமாகவே சிறுநீர் போகும்போது எரிச்சல். யாரிடமும் சொல்லவில்லை.

"சார், ஜெனரேட்டர் சத்தம் அதுக்கு ஆகாது. பினாயில் அதுக்கு விஷம்" என்றார் டாக்டர். "சுத்தமா, யாரும் எட்டிப் பாக்காத எடமா இருக்கணும். இல்லேன்னா அடக்கிக்கும். அடக்கி அடக்கி எரிச்சல் வரும், அப்புறம் கல்லு, அப்புறம் கிட்னி. ரெண்டு பொட்டி வைங்க, ரெண்டு எடத்துல."

கேசவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவம், வாயில்லா ஜீவன். எத்தன நாளா அடக்கிக்கினு இருந்துச்சோ!"

வாயுள்ள ஜீவன்கள் இரண்டு, சாராளும் ரெஜினாவும், அவருக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தன.

அன்று மாலையே ஆபீசை ஒட்டி, விருந்தினர்களின் டிரைவர்களுக்கென்று பூட்டி வைத்திருந்த அறையின் பாத்ரூம் பூனைக்கு ஒதுக்கப்பட்டது. டைல்ஸ், குழாய், வெஸ்டர்ன் டாய்லெட் எல்லாம் இருந்தன. மூலையில் மணல் பெட்டி. சாவி சாராளிடம். இரண்டாவது இடம் ஆடம்பரம் என்று கேசவன் அதை விட்டுவிட்டார். மறுநாள் காலை பிரின்ஸி மணலைக் கிளறி, கௌரவமாகக் காரியத்தை முடித்தது. கேசவன் அதைப் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பினார்.

சாராள் இரண்டு நாள் அந்த டாய்லெட்டை வெறுமனே பார்த்துவிட்டு வந்தாள். மூன்றாம் நாள் பெட்டியைக் கழுவப் போனவள் கதவைச் சாத்திக்கொண்டாள். நாலாம் நாள் ரெஜினா உதவிக்குப் போனாள். அந்த வாரம் முடிவதற்குள் அங்கே வேலை செய்யும் நான்கு பெண்களுக்கும் பூனைமேல் தாங்க முடியாத பாசம் வந்துவிட்டது. மாற்றி மாற்றிப் போய்ப் பெட்டியைக் கழுவினார்கள். "பாத்துக்கறதுன்னா இப்பிடிப் பாத்துக்கணும்" என்று கேசவன் நெகிழ்ந்தார்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு ரெஜினா உள்ளே இருந்தாள். வெளியே சாராள். சாராளுக்குப் பின்னால் பிரின்ஸி. அது இரண்டு தடவை கத்திப் பார்த்தது. பிறகு ஆபீசுக்குள் போய், கேசவனின் சுழல் நாற்காலியில் ஏறி, சாவகாசமாக முடித்துவிட்டு இறங்கியது. சாராள் துணியோடு ஓடுவதற்குள் கேசவன் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"சாராள்!" எழுந்தவரின் பேண்ட் பின்பக்கம் நனைந்திருந்தது. "சொன்னேன் இல்ல? கெளம்பு!"

"சார், டாக்டரம்மா ரெண்டு எடம் சொன்னாங்க. நீங்க ஒண்ணுதான் குடுத்தீங்க."

"ஒரு பூனைக்கு ஒண்ணு பத்தாதா?"

"பூனைக்குப் பத்தும் சார். நாங்க நாலு பேரு கீறோம்."

அந்த நேரம் பார்த்து ரெஜினா முந்தானையில் கை துடைத்தபடி வெளியே வந்தாள்.

"யாரக் கேட்டு உள்ள போனீங்க?"

"அது யாரக் கேட்டு கட்டில்ல போச்சு?" சாராள் துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள். "எனக்கும் ஒரு வருசமா எரியுது சார். என்னை அனுப்புங்க, போறேன். நாளைக்கு வரவளும் மனுசிதான், அவளுக்கும் முட்டும். அப்பவும் உங்க பிரின்ஸி லைன்லதான் நிக்கும்."

முதல் பாதி கேசவன் காதில் விழுந்ததா தெரியவில்லை. கடைசி வரி விழுந்தது. கிறிஸ்துமஸ் வாரத்துக்கு ஒன்பது அறையும் புக் ஆகியிருந்தது. அவர் பேண்டைத் தொட்டுப் பார்த்து, விரலை முகர்ந்து, சின்னையனைக் கூப்பிட்டார்.

"ஜெனரேட்டராண்ட இருக்கற ரூம காலி பண்ணு. ப்ளம்பர வரச் சொல்லு. டாக்டர் சொன்ன ரெண்டாவது எடம் அதான். இது பிரின்ஸிக்காக. வேற யாரும் எதுவும் நெனச்சுக்க வேணாம்."

ஜெனரேட்டர் பக்கம் பூனை எட்டிக்கூடப் பார்க்காது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். கேசவனுக்கும் தெரியும்.

"உள்பக்கம் ஒரு தாப்பா வெக்கச் சொல்லுங்க சார்" என்றாள் சாராள்.

"பூனைக்கு எதுக்கு உள்பக்கம் தாப்பா?"

"பூனைக்கு வேணாம் சார்."