வைகல்காரன் சொன்ன வார்த்தை

வாட்டாபூர் போகிற வண்டியைச் சோதனைச் சாவடியில் நிறுத்தியபோது தவ்லத் மனைவி பாரிகுலோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். சீக்கிரம் வரச் சொன்னாள். ஏன் என்று கேட்பதற்குள் துப்பாக்கிக்காரன் ஒருவன் போனைப் பிடுங்கிவிட்டான்.

இது என்ன பாஷை என்றான். எங்கள் மொழியைப் பேசுவது மூன்றே ஊர்கள். தவ்லத் அதைப் பஷ்தோவில் எடுத்துச் சொல்லியும் அவன் நம்பவில்லை. யாருக்கும் புரியாமல் பேசுகிறவன் எதையோ மறைக்கிறான் என்று கீழே இறக்கினான்.

சாவடித் தலைவன் சமையல்காரனைக் கூப்பிட்டான். மாவுக் கையோடு வந்த ஆகில் வைகல் பள்ளத்தாக்குக்காரன். அவர்கள் பேச்சு எங்களுடையதற்குச் சொந்தம். நிதானமாகப் பேசினால் பாதி புரியும்.

"பொண்டாட்டிக்குப் போடு. ஸ்பீக்கர்ல வை," என்றான் தலைவன். "இவன் கேட்டுச் சொல்லுவான்."

அவள் எடுக்கக் கூடாதென்று தவ்லத் வேண்டிக்கொண்டான். எடுத்துவிட்டாள்.

"எங்க இருக்கீங்க? தம்பி வந்துட்டான். கீழ வைக்கோல் அறையில ஒளிஞ்சிருக்கான். யாராவது பாத்திருப்பாங்களோன்னு பயமா இருக்கு."

அவள் தம்பி நசர் கவிழ்ந்த அரசின் ராணுவத்தில் இருந்தவன். தேடப்படுகிறவன். வந்து பேசிக்கொள்ளலாம் என்று சொல்லித் தவ்லத் போனை வைத்தான். ஒரே ஒரு ஆறுதல், பாரிகுல் கம்பீர் ஊர்க்காரி. மூன்று ஊர்களில் இன்னொன்றான கத்தாரில் பிறந்த அவனுக்கே கல்யாணமான புதிதில் அவள் பேச்சு பிடிபடவில்லை. பதறினால் இன்னும் வேகம். வைகல்காரனுக்கு என்ன புரிந்திருக்கும்?

ஆகில் விரலிலிருந்த மாவைத் தேய்த்து உதிர்த்துக்கொண்டு நின்றான்.

"என்னடா, புரிஞ்சுதா இல்லையா?"

"பசு கன்னு போட்டிருக்காம். கன்னு எந்திரிக்கலையாம். பயப்படுறா."

"இதுக்கா இவ்வளவு பதற்றம்?"

"எங்க பக்கம் மாட்டுக்கு அப்புறம்தான் புருஷனே."

துப்பாக்கிக்காரர்கள் சிரித்தார்கள். தலைவன் சிரிக்காமல் தவ்லத்தைப் பார்த்தான். "கன்னு என்ன நிறமாம்?"

"அதை அவ சொல்லலையே," என்றான் தவ்லத்.

தலைவன் போகச் சொன்னான். போனைத் திருப்பித் தரும்போது ஆகில் தன் மொழியில், ஒவ்வொரு சொல்லாக, ஏதோ சொன்னான். தலைவன் என்னவென்று கேட்டதற்கு, கன்றுக்கு நெய் தடவிவிடச் சொன்னதாகச் சொன்னான்.

வண்டி கிளம்பியதும் ஆகில் சொன்னதைத் தவ்லத் மனதுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தான். மச்சானை வீட்டில் வைக்காதே, தேடி வருகிறார்கள், அதுவரை புரிந்தது. ஆனால் எப்போது? ஆகில் சொன்ன சொல் எங்கள் பேச்சில் நாளை என்பது போல ஒலித்தது. வைகலில் அதற்கு வேறு பொருள் இருந்தால்? போன் செய்யவும் பயம். யாராவது ஒட்டுக் கேட்டால்?

இன்று என்றே வைத்துக்கொண்டான். வண்டிப் பாதை முடிந்த இடத்திலிருந்து மூச்சு வாங்க மேலேறி, வீட்டுக்குப் போனதும் நசரை மலைமேல் ஆட்டுக் கிடைக்கு அனுப்பினான்.

பொழுது சாயும்போதே துப்பாக்கிக்காரர்கள் வந்துவிட்டார்கள். வைக்கோலைக் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். பாரிகுல் சுவரோடு ஒட்டி நின்றாள். ஒன்றும் கிடைக்காமல் திரும்பிப் போனார்கள்.

நசர் மலை தாண்டிவிட்டான். சாவடியில் இப்போது வேறொருவன் சமைக்கிறான். ஆகில் எங்கே என்று கேட்க தவ்லத்துக்கு இன்னும் துணிவு வரவில்லை.