நடு அமுங்கிய ரொட்டி

கப் கணக்கு என்றால் வேண்டவே வேண்டாம், ஒரு கப் மாவு என்கிறார்களே, எந்தக் கப், யார் வீட்டுக் கப், அமுக்கி நிரப்பினால் ஓர் எடை, தூவி நிரப்பினால் வேறு எடை, இதுகூடத் தெரியாமல் புத்தகம் போடக் கிளம்பிவிடுகிறார்கள்... அவள் கையிலிருந்த தடிப் புத்தகத்தை அலமாரியில் திரும்பச் செருகினாள். சாப்பாட்டு இடைவேளையில் லேபிலிருந்து ஓடிவந்திருந்தாள், விரல்களில் இன்னும் ஸ்பிரிட் வாசனை. சமையல் புத்தகங்களுக்கென்று இந்தக் கடையில் ஒரு சுவரையே ஒதுக்கியிருந்தார்கள், அதில் பிரட் மெஷினுக்கு மட்டும் தனியாக ஒரு தட்டு, இத்தனை பேரா வீட்டில் ரொட்டி சுடுகிறார்கள், இவர்களுக்கெல்லாம் வேறு வேலை இல்லையா... இல்லைதான், என் வீட்டில் இருக்கிறவருக்கு இல்லையே. காலையில் அவள் செருப்பு மாட்டும்போது பின்னாலேயே வந்து சொன்னார், "நல்ல புக்கா ஒன்னு பாத்து வாங்கிட்டு வா. உனக்குத்தான் அளவெல்லாம் தெரியும். அது மட்டும் இருந்தா போதும், மிச்சத்த நான் பாத்துக்கறேன்." பார்த்துக்கொள்வாராம். எதைப் பார்த்துக்கொள்வார்?

கிடங்குப் பொறுப்பாளர் என்றால் சும்மாவா, அவர் தலையசைக்காமல் ஒரு லாரி உள்ளே நுழையாது என்று இருந்த மனுஷன். கம்பெனியை வேறு யாரோ வாங்கினார்கள், வாங்கிய கையோடு கிடங்கில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள், அனுப்பும்போது ஆளுக்கொரு அன்பளிப்பு. பிழைப்பைப் பிடுங்கிக்கொண்டு ரொட்டி மெஷினைக் கொடுத்த புண்ணியவான்கள். அதுவும் யாரோ திருப்பி அனுப்பிய சரக்கு, பெட்டியின் ஓரம் நசுங்கியிருந்தது, உள்ளே செய்முறைப் புத்தகம் இல்லை, சேதம் என்று அந்தப் பெட்டியில் சீட்டு ஒட்டியதே இவர் கைதான். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று சிரித்துக்கொண்டே தூக்கிவந்தார். சிரித்தது அன்றோடு சரி, அப்புறம் எத்தனையோ வாரம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒருநாள் அவள் வீட்டுக்குள் காலெடுத்து வைத்தால் கூடம் முழுக்க ரொட்டி வாசனை, மேசைமேல் நடு அமுங்கிப்போய் ஒரு ரொட்டி, ஆள் உட்கார்ந்து எழுந்த தலையணை மாதிரி, பக்கத்தில் கத்தியும் கையுமாக இவர்... "எப்படி இருக்கு?" வாயில் போட்டதும் மேலண்ணத்தில் போய் அப்பிக்கொண்டது, உள்ளே பச்சை மாவு. "நல்லா இருக்குங்க." அந்த முகம் மலர்ந்ததே, அதைப் பார்த்துக்கொண்டு வேறு என்னத்தைச் சொல்ல? சொல்லியிருக்க வேண்டும். அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள், அவளுக்குக் கிடைத்தது, தினமும் டப்பா நிறையக் கிடைத்தது. லேபில் காலி அட்டைப்பெட்டிகளுக்கு அடியில் அந்தத் துண்டுகளைத் தள்ளிவிடுவாள். பெருக்குகிற அம்மா ஒருநாள் குப்பைக் கூடையைத் தூக்கிக் காட்டி, "யாரும்மா இது, இவ்ளோ ரொட்டிய வீணாக்கறது?" என்று கேட்டபோது, "தெரியலையே" என்று கண்ணாடிக் குழாய்களை அடுக்கிக்கொண்டே சொன்னாள், நாக்கு கூசவில்லை. அதுகூடப் போகட்டும். போன வாரம் அவள் அண்ணன் கெஞ்சிக் கூத்தாடி ஒரு வேலை பிடித்து வைத்தார், மருந்துக் கிடங்கில், முதலாளி நேரில் பார்க்க வேண்டும் என்றார், காலையில் போய்த் தலையைக் காட்டினால் முடிந்தது. இவர் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டால், "மெஷின் ஓடிட்டு இருந்துதும்மா. முடிஞ்ச உடனே எடுக்கலைன்னா அடியில ஈரம் கோத்துக்கும்." ஈரம் கோத்துக்குமாம். இனி அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது... இதில் நல்ல புத்தகம் கிடைத்தால் சின்னதாக ஒரு கடையே போட்டுவிடலாம் என்று வேறு ஆரம்பித்திருக்கிறார். முழுப் பூசணிக்காயை நான் சோற்றில் மறைத்து வைத்தால், அந்தச் சோற்றை விற்கப் பார்க்கிறார்.

கீழ்த்தட்டில் ஒல்லியாக ஒரு புத்தகம் கிடந்தது. மங்கிய அட்டை, உள்ளே பேருக்குக்கூட ஒரு படம் இல்லை, ஆனால் சுருள் கம்பி போட்டது, அடுப்பு மேடையில் விரித்து வைத்தால் தானாக மூடிக்கொள்ளாது, அளவெல்லாம் கிராமில், சின்ன மெஷினுக்கு இவ்வளவு, பெரியதற்கு இவ்வளவு என்று தனித்தனியாக. இதுதான், சந்தேகமே இல்லை... கடைசிப் பக்கங்களில் ரொட்டி ஏன் சரியாக வரவில்லை என்று ஒரு பகுதி. நடு அமுங்கினால்: மாவு பொங்க ஆரம்பித்த பிறகு மூடியைத் திறக்கிறீர்களா என்று பாருங்கள். அவ்வளவுதான், ஒரே வரி. திறக்கிறார், திறக்காமல் என்ன, கிடங்குக் கண் ஆயிற்றே, எதையும் பூட்டிவிட்டு நம்பி நகராது, "பொங்குது பாரு, பொங்குது பாரு" என்று அவர் மூடியைத் தூக்கும்போது பக்கத்தில் நின்ற அவள் முகத்திலேயே அந்தச் சூடு அடித்திருக்கிறது. அப்போது தெரியாதா? லேபில் கிருமி வளர்க்கிற பெட்டியை நேரத்துக்கு முன்னால் திறந்தாள் என்று புதுப்பெண்ணை அழவைத்தவள்தானே நீ, ஈஸ்ட்டும் ஓர் உயிர்தான், சூடு போனால் சுருண்டுவிடும் என்று உனக்குத் தெரியாதா? தெரியும். மூடியைத் திறக்காதீங்க என்று ஒரு வார்த்தை, அதற்குப் புத்தகம்கூட வேண்டாம். ஏன் சொல்லவில்லை, மனசு நோகும் என்றா... யாரை ஏமாற்றுகிறாய், ரொட்டி சரியாக வந்துவிட்டால் இந்த மனுஷன் சமையலறையை விட்டு எழுந்திருக்கவே மாட்டார், தோற்றுத் தோற்றுச் சலித்தால்தான் வாசற்படியைத் தாண்டுவார், அதுதான் கணக்கு. அவள் ஒல்லிப் புத்தகத்தைக் கிடந்த இடத்திலேயே வைத்தாள். மேல்தட்டிலிருந்து வழவழப்பான ஒன்றை எடுத்தாள், பக்கத்துக்குப் பக்கம் பொன்னிற ரொட்டிகள், கப் கணக்கு, இரண்டு பேர் வாரம் முழுக்கத் தின்றாலும் தீராத அளவு.

கல்லாவில் இருந்த பெண் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல படம்தான் அழகு மேடம். எங்க வீட்லயும் மெஷின் இருக்கு. கீழ ஒல்லியா ஒன்னு கிடக்கும் பாருங்க, அதுலதான் சரியா வரும்" என்றாள். "அவருக்குப் படம் இருக்கணும்" என்றாள் இவள். வாழ்நாளில் எதற்கும் படம் கேட்காத மனுஷன். அந்த நேரம் பார்த்து அவர் போன்.

"கிடைச்சுதா?"

"ம்."

"உங்கண்ணன் மறுபடி கூப்பிட்டார். திங்கக்கிழமை வரேன்னு சொல்லிட்டேன். நீ ஒருத்தியே எத்தன நாள்தான் ஓடுவ."

"அப்ப புக்கு?"

"அத வாங்கிட்டு வா. லீவு நாள்ல சுட்டுப் பாக்கலாம், ரெண்டு பேருமா."

போனைப் பையில் போட்டாள். சரி, நினைத்தது நடந்துவிட்டது, அண்ணன் முகத்தில் விழிக்கலாம், இனி அந்தப் பாழாய்ப்போன ரொட்டி பொங்கினால் என்ன, அமுங்கினால் என்ன, வேலைக்குப் போகிறவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல ரொட்டி சுட்டுத் தின்றால் யாருக்கு நஷ்டம்? ஒருவருக்கும் இல்லை. "மாத்தித் தரவா மேடம்?" என்று அந்தப் பெண் பாதி எழுந்தேவிட்டாள். ஆமாம் என்று சொல்ல வேண்டியதுதானே, வாய் ஏன் வரவில்லை... லாரிக்காரனையும் சரக்கையும் பேசிக்கொண்டே தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்துபோன மனுஷன், அத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாரா? இப்போது நிற்கிறார், கத்தியும் கையுமாக, நான் மென்று முடிக்கிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ரொட்டி நன்றாக வந்துவிட்டால் அது அவருக்கே தெரிந்துவிடும், அப்புறம் எதற்கு நிற்பார்?

"வேண்டாம், இதையே பில் போடுங்க" என்றாள்.